நகராமல் பறக்கக் கற்றுத்தந்த நீலப் பெட்டி

இரண்டாம் உலகப் போரில் விமானியாகச் சேர்ந்த ஆஸ்திரேலிய இளைஞர்களில் ஆயிரக்கணக்கானோர் முதலில் போய்ச் சேர்ந்தது போர்முனைக்கு அல்ல, கனடாவுக்கு. பசிபிக் பெருங்கடலைக் கப்பலில் கடந்து, ராக்கி மலையை ரயிலில் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகக் கிடக்கும் ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மானிடோபா மாகாணங்களில் இறங்கினார்கள். ஊரில் டிசம்பர் என்றால் கோடை வெயில் கொளுத்தும். கனடாவிலோ பாதரசம் மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும். பனி பொழிவதை வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் பலர் பார்த்தார்கள்.

இவ்வளவு தூரம் அழைத்து வந்ததற்குக் காரணம் இருந்தது. பிரிட்டனில் இடமும் குறைவு, வானிலையும் மோசம், எதிரி விமானங்கள் எப்போது வரும் என்றும் தெரியாது. கனடாவின் வானத்தை எதிரி எட்ட முடியாது. 1939 டிசம்பர் 17-ல் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் கூட்டு விமானப் பயிற்சித் திட்டத்துக்கு ஒட்டாவாவில் ஒப்பந்தம் போட்டன. 1945-ல் திட்டம் முடிந்தபோது 1,31,553 பேர் தேறி வெளியே வந்திருந்தார்கள். பயிற்சியிலேயே விபத்தில் இறந்த மாணவர்கள் 856 பேர்.

திட்டத்தில் சேர்ந்ததும் விமானம் கிடைத்துவிடாது. கணிதம், வானிலையியல், திசையறிதல், மோர்ஸ் தந்தி என்று முதல் சில வாரங்கள் வகுப்பறையில் கழியும். வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். கிறிஸ்துமஸுக்கு உள்ளூர்க் குடும்பங்கள் இந்தப் பையன்களை விருந்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். பிறகுதான் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். குளிருக்காக அதற்குக் கனடாவில் கண்ணாடி மூடி போட்டார்கள், சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டையும் மாட்டினார்கள். அதில் தேறியவர்கள் ஹார்வர்ட், ஆன்சன் போன்ற பெரிய விமானங்களுக்குப் போனார்கள்.

ஆனால் டைகர் மாத்தில் ஏறுவதற்கு முன்பே ஒரு பரீட்சை காத்திருந்தது. அறைக்குள்ளே ஒரு பீடத்தின் மேல், குட்டை இறக்கையும் வாலும் வைத்த நீல நிற மரப்பெட்டி நிற்கும். பொருட்காட்சியில் குழந்தைகள் ஏறி விளையாடும் விமானம் என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பில் தவறே இல்லை. முதலில் இதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான்.

லிங்க் டிரெய்னர் என்று பெயர். இதை உருவாக்கியவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாகாணத்தின் பிங்காம்டன் ஊரில் அவருடைய அப்பா ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ பறக்கும் பித்து. பாடத்துக்குக் கட்டணம் எக்கச்சக்கம். காசு கரையாமல் தரையிலேயே பழக வழியுண்டா என்று யோசித்தவர், தொழிற்சாலையில் கிடந்த துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே 1929-ல் ஒரு பெட்டியைச் செய்து முடித்தார். ராணுவம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்கவைத்தது 1934-ன் குளிர்காலம். அமெரிக்காவில் விமானத்தில் அஞ்சல் கொண்டுபோகும் வேலை திடீரென்று ராணுவ விமானிகள் தலையில் விழுந்தது. இரவிலும் பனிமூட்டத்திலும் பறந்து பழகாதவர்கள் அடுத்தடுத்து விழுந்து மாண்டார்கள். அப்போதுதான் லிங்குக்கு அழைப்பு வந்தது. அவர் வருவதாகச் சொன்ன நாளில் நியூவார்க் விமான நிலையத்தைப் பனிமூட்டம் மூடியிருந்தது; இனி வரமாட்டார் என்று அதிகாரிகள் கிளம்பவிருந்தபோது, கருவிகளை மட்டும் நம்பி வந்து இறங்கினார் என்பார்கள். ராணுவம் ஆறு பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றின் விலை 3,500 டாலர்.

பெட்டியின் அடியில் நான்கு துருத்திகள் உண்டு. மின்மோட்டார் ஒன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாணவன் ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுத் தண்டை இடதுபுறம் சாய்த்தால் வால்வு திறந்து இடப்பக்கத் துருத்தி சுருங்கும், வலப்பக்கத்தது விரியும், பெட்டி சாயும். முன்னும் பின்னும் அசைவதும் அப்படியே. திசைதிருப்பும் ரடர் பெடலை மிதித்தால் வேறொரு துருத்தித் தொகுதி பெட்டியை முழு வட்டமாகவே சுற்றும். வேகத்தை ஏடாகூடமாகக் குறைத்தால் மூக்குக் கவிழ்ந்து சுழல ஆரம்பித்துவிடும். ஆர்கனில் இசையாக வெளிவந்த காற்று இங்கே வயிற்றைப் புரட்டியது.

மாணவன் உள்ளே உட்கார்ந்ததும் தலைக்கு மேல் மூடியை இறக்கிவிடுவார்கள். இருட்டு. எதிரே மங்கலாக ஒளிரும் முட்கள்: உயரம், வேகம், திருப்பம், திசை. காதில் ஹெட்போன். வெளியே மேஜையில் பயிற்றுநர், அவர் முன்னே வரைபடம். அந்த வரைபடத்தின் மேல் மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று மெல்ல ஊர்ந்து மையால் கோடு இழுக்கும். நண்டு என்று அதற்குச் செல்லப்பெயர். நிஜ விமானமாக இருந்தால் உள்ளே இருப்பவன் பறந்திருக்கும் பாதை அதுதான். சில சமயம் ஹெட்போனில் வானொலிச் சமிக்ஞை வரும். பாதையின் ஒருபுறம் விலகினால் மோர்ஸில் ‘ஏ’ (A) எழுத்து, மறுபுறம் விலகினால் ‘என்’ (N) எழுத்து. நேர்வழியில் இருந்தால் இரண்டும் கலந்து இடைவிடாத ரீங்காரமாகக் கேட்கும். அந்த ரீங்காரத்தைத் தொலைத்துவிட்டு வியர்த்துக் கொட்டி, அரைமணி கழித்து வெளியே வந்து தன் கோடு சிக்குப்பிடித்த நூலாகக் கிடப்பதைப் பார்த்த மாணவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பெட்டியின் உண்மையான வேலை விமானம் ஓட்டச் சொல்லித்தருவது அல்ல. தன் உடலை நம்பாதே என்று பழக்குவதுதான். உட்செவியில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். அதைக் கொண்டுதான் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. ஒரே சீராகச் சிறிது நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சமவேகத்துக்கு வந்துவிடும். அப்போது நேராகப் போவதாகவே தோன்றும். விமானத்தை நிஜமாகவே நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். ராட்டினத்திலிருந்து இறங்கியதும் உலகம் சுற்றுகிறதே, அதே கோளாறுதான். தரையில் சிரித்துவிட்டுப் போகலாம். மேகத்துக்குள் அந்த உணர்வை நம்பி ஸ்டிக்கை இழுப்பவன் திருகிக்கொண்டே தரைக்கு வருவான். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் இருபது மாணவ விமானிகளுக்கு வெளிப்பார்வையை மறைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 வினாடிகளே பிடித்தன.

பெட்டியில் தடுமாறியவனுக்கு விமானி வேலை கிடைப்பது கஷ்டம். திசையறிபவர், குண்டு வீசுநர், வானொலி இயக்குநர் என்று வேறு பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். விமானி ஆகத்தான் உலகத்தின் மறுகோடிக்கு வந்தோம் என்று நினைத்தவனுக்கு அது சின்ன ஏமாற்றம் இல்லை. இருந்தாலும் இந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. பெட்டி கவிழ்ந்தால் வெட்கத்தோடு போயிற்று. விமானம் அப்படியில்லை.

போர்க்காலத்தில் இப்படிப்பட்ட பெட்டிகள் பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. பின்னாளில் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பழகிய சிமுலேட்டர்களைச் செய்ததும் லிங்க் பெயர் தாங்கிய நிறுவனம்தான்.

அடுத்த முறை விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். புறப்பட்டுச் சில நிமிடம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஊகியுங்கள். பிறகு கண்ணைத் திறந்து இறக்கையைப் பாருங்கள். ஊகம் தப்பாகப் போனால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.