வேலியிற் படரும் கொவ்வையும் ஐவிரலியும்: இனங்காணும் முறை



மாரி மழை தொடங்கியதும் தோட்டத்து வேலிகளிலும் வயலோரப் பற்றைகளிலும் பலவகைக் கொடிகள் படர்கின்றன. இவற்றுட் கொவ்வையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அதன் இலையை வறையாகவும் காயைக் கறியாகவும் சமைத்து உண்கிறோம். ஆயின், அதே வேலியில் ஐவிரலி என்னும் வேறொரு கொடியும் படர்வதுண்டு. இதுவும் வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டில் இயற்கையாக வளர்வதே. இதன் பழம் நச்சுத்தன்மை உடையது. உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகலாம். இளங்காய்கள் இரண்டும் பச்சை நிறத்தில் வெண்கோடுகளுடன் இருப்பதால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. ஆதலால் இவற்றைப் பிரித்தறியும் அடையாளங்களைக் கீழே தருகிறோம்.

அடையாளங்கள்

1. தந்து: கொடி பற்றிப் பிடிக்கும் சுருள் தந்தினை முதலிற் பாருங்கள். கொவ்வையில் அது பெரும்பாலும் கிளையின்றித் தனியாக இருக்கும். ஐவிரலியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பூவும் காயும் இல்லாத காலத்தில் இவ்வடையாளம் பெரிதும் உதவும்.

2. இலை: ஐவிரலியின் இலை, விரித்த கையைப் போல் ஐந்து பிரிவாக ஆழப் பிளந்திருக்கும். கொவ்வை இலை பெரும்பாலும் ஐங்கோண வடிவமுடையது. எனினும் சில கொவ்வைக் கொடிகளிலும் இலை பிளவுபட்டிருப்பதால், இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

3. பூ: கொவ்வைப் பூ வெண்ணிறமானது, ஓர் அங்குலத்துக்கு மேல் அகன்று விரியும். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் உண்டாகும். ஐவிரலியின் பூ சிறியது. வெளிறிய மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. இரு பூக்களும் ஒரே கொடியில் உண்டாகும்.

4. காயும் பழமும்: கொவ்வைக்காய் நீண்ட முட்டை வடிவானது, காம்புடன் தனித்துத் தொங்கும், பழுக்கும்போது கோடுகள் மறைந்து முழுவதும் சிவந்துவிடும். ஐவிரலிக்காய் உருண்டையானது, ஓர் அங்குலத்துக்கு மேற் பருப்பதில்லை, கணுக்களில் இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும், பழுத்துச் சிவந்த பின்னும் வெண்கோடுகள் மறைவதில்லை.

5. விதை: கொவ்வை விதை தட்டையானது. ஐவிரலி விதையின் நடுவைச் சுற்றி வளையம் போன்ற தடிப்பு ஒன்று காணப்படும்.

செய்ய வேண்டியவை

ஐயமுள்ள காயைக் கறிக்குப் பறிக்காதீர்கள். கடுங்கசப்புள்ள காயைத் துப்பிவிடுங்கள். சமைப்பதால் அக்கசப்பு நீங்காது. ஐவிரலிப் பழத்தின் நிறம் சிறுவர்களின் கண்ணைக் கவரக்கூடியது. ஆகையால் வீட்டு வேலியிலும் பாடசாலைக்குச் செல்லும் வழியிலும் உள்ள கொடிகளைப் பழுக்குமுன் வேருடன் பிடுங்கிவிடுங்கள். யாரேனும் அப்பழத்தை உண்டுவிட்டால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். காயும் இலையும் உள்ள கொடித்துண்டொன்றையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.

கொவ்வையை வளர்க்க விரும்புவோர், காய்க்கும் பெண் கொடியிலிருந்து தண்டை வெட்டி நடுதல் வேண்டும். ஆண் கொடி எத்துணை செழித்தாலும் காய்ப்பதில்லை.

பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றைப் பந்தலிற் பயிரிடுவோர் இன்னுமொன்றைக் கவனித்தல் நன்று. இப்பயிர்களைத் தாக்கும் பழ ஈ கொவ்வைக்காயிலும் முட்டையிட்டுப் பெருகும். எனவே பந்தலை அண்டிய வேலியிற் கொவ்வையைக் காய்த்துப் பழுக்க விடாதீர்கள். புழு விழுந்த காய்களைப் பொறுக்கி, 2 அடி ஆழக் குழியிலிட்டு மண்ணால் நன்கு மூடுங்கள். அவற்றை வரம்பில் வீசினால், புழுக்கள் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈக்களாக வெளிவரும்.

இனங்காண இயலாத கொடி ஏதும் காணப்படின், பூ, காய், தந்து ஆகியன உள்ள துண்டொன்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அறிந்த பின்னரே பயன்படுத்துங்கள்.