காலண்டரில் ஒரு சுழி: அருப்புக்கோட்டைக்கு முதல் வேலை எது?

அருப்புக்கோட்டைப் பக்கம் போனால், வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பால் கணக்கு இருக்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கும். பல வீடுகளில் கூடவே ‘தண்ணி’ என்று ஒரு சுழியும் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்த நாள் அது. ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணித்தான் குடங்களை நிரப்பி வைக்கிறார்கள்.

நெசவாளர் வீடு என்றால் கணக்கு இன்னும் கொஞ்சம் கடினம். தண்ணீர் வரும் நேரத்தில் தறி நிற்கும். தறி நின்றால் அன்றைய கூலியில் துண்டு விழும். அதனால் ‘ஊருக்கு முதல் வேலை எது?’ என்று இங்கே கேட்டால், சின்னப் பிள்ளைகூட யோசிக்காமல் தண்ணீர் என்று சொல்லிவிடும்.

நகராட்சியும் அதைத்தானே சொல்கிறது? சொல்கிறது. ஆனால் வாயால் சொல்லும் வரிசை வேறு, பணம் போகும் வரிசை வேறு.

அருப்புக்கோட்டை நகராட்சிக்கு 36 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 87 ஆயிரத்துச் சொச்சம். 1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முறை முதல்வரானபோது சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, துப்புரவு, பூங்கா, தெருவிளக்கு, மயானம், தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி வரை அதில் உண்டு. எதை முதலில் செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை. அதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்ய எவ்வளவு இடம் இருக்கிறது? நகராட்சி பட்ஜெட்டைப் புரட்டினால் வருவாய், குடிநீர்-வடிகால், கல்வி எனத் தனித்தனி நிதிக் கணக்குகள் இருக்கும். வரியாக வந்த பணத்தில் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் மூன்றும் முதலில் போய்விடும். இவை காத்திருக்காத செலவுகள். 15-வது நிதி ஆணையம் இதுபோன்ற நகரங்களுக்கு 2021 முதல் 2026 வரை ஒதுக்கிய மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் என்று முன்பே கட்டிக் கொடுத்துவிட்டது. பெரிய திட்டங்கள் மாநில அரசிடமிருந்து வருகின்றன. கடைசியில் கவுன்சிலர்கள் கையில் மிஞ்சுவது, சம்பளத் தேதியன்று மளிகைக்காரர், வாடகைக்காரர் எல்லாம் போன பிறகு நம் பர்ஸில் மிஞ்சுவது போலத்தான். ‘என் வார்டுக்கு என்ன?’ என்று மன்றக் கூட்டங்களில் சத்தம் எழுவது அந்த மிச்சத்துக்காக. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு முன்னுரிமைப் பட்டியல் வந்தது. 2018-ல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே இடம்பெற்றன. நிதி ஆயோக் போட்ட மதிப்பெண்ணில் சுகாதாரத்துக்கு 30, கல்விக்கு 30, விவசாயம்-நீர்வளத்துக்கு 20, மீதிக்குத் தலா 10. மதிப்பெண் இருந்ததால் அதிகாரிகள் மாதாமாதம் கணக்குப் பார்த்தார்கள். அளக்கிற விஷயத்துக்குத்தான் ஆபீஸில் அவசரம் வரும் என்பது எனக்கு அதில் புரிந்தது. ஆனால் டெல்லி போட்ட அந்தப் பட்டியலில் நம் காலண்டர் சுழிக்கு இடமில்லை.

தண்ணீர் விஷயத்துக்கே வருவோம். வைகையும் தாமிரபரணியும் ஊருக்குப் பக்கத்தில் இல்லை. குழாய் வழியேதான் வருகின்றன. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை மூன்று நகராட்சிகளுக்கும் சேர்த்து 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அரசு எடுத்தது. தேவையான திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரை ஒட்டியே செவல் கண்மாயும் பெரிய கண்மாயும் இருக்கின்றனவே! கரிசல் மண்ணில், பெய்த மழையைப் பிடித்து வைக்க முன்னோர் தோண்டியவைதான் கண்மாயும் ஊருணியும். கண்மாயில் நீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் போர்களிலும் ஊறும். புழங்கும் தண்ணீர் அங்கே கிடைத்தால், குழாய்த் தண்ணீர் குடிக்க மிஞ்சும்.

சிக்கல் என்னவென்றால், 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையின், இப்போது நீர்வளத் துறையின், கணக்கில் வரும். அதற்குச் சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நகராட்சி பட்ஜெட்டில் கண்மாய்க்கு வரியே இருக்காது. பட்ஜெட்டில் இல்லாதது முன்னுரிமைப் பட்டியலில் எப்படி ஏறும்? ஆனால் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பது நகராட்சியின் கணக்குதான். என்னைக் கேட்டால், வரிசையை மாற்றி எழுத வேண்டிய இடம் அதுதான். கண்மாய்க்குள் கழிவுநீர் போகாமல் தடுப்பதை வடிகால் வேலை என்று பார்க்காமல் குடிநீர் வேலை என்று எழுதினால், அது ஒரே நாளில் மேலே ஏறிவிடும்.

இதை யார் சொல்வது? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே கூட்டத்தில் உட்கார்ந்து, நகராட்சிப் பணம் முதலில் எதற்கு என்று வரிசை போட்டார்கள். பக்கத்துக் கேரளா 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. நம்மிடமும் வழி இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துக்குப் ‘பகுதி சபை’. 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளில் தமிழகமெங்கும் பகுதி சபைகள் கூடின. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர்தான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

‘தண்ணி சரியா வரலை’ என்று அங்கே சொன்னால், ‘பார்க்கிறோம்மா’ என்று பதில் வரும். போன வருஷக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மாதத்துக்கு எத்தனை சுழி, நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று கூட்டி எழுதி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தெருவில் பத்து வீட்டுக் காலண்டர் சேர்ந்தால் இன்னும் நல்லது. பழைய காலண்டரைப் புத்தகத்துக்கு அட்டை போடக் கிழித்துவிடாதீர்கள்.