படுக்கையறைக்குள் ஒரு படப்பிடிப்புத் தளம்

2022 ஜனவரியில் யூடியூபில் சுமார் ஒன்பது நிமிடப் படம் ஒன்று வெளியானது. மஞ்சள் சுவர், ஆளில்லாத அறை. அதைத் தாண்டினால் அதேபோல் இன்னொன்று. வழிதவறி அங்கே விழுந்துவிட்ட ஒருவரின் வீடியோ கேமரா வழியாகத்தான் அத்தனையையும் பார்க்கிறோம். ‘தி பேக்ரூம்ஸ்’ என்ற அந்தப் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்துப் பயந்தார்கள். அந்த அறைகளைக் கணினிக்குள்ளேயே கட்டியவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கேன் பார்சன்ஸ். அப்போது அவருக்கு வயது 16.

அவர் பயன்படுத்திய முக்கியக் கருவி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். நெதர்லாந்தில் பிறந்த அதை, 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். பார்சன்ஸின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. கணினியில் வரைந்த காட்சி பளிச்சென்று இருந்தால் பொய் தெரிந்துவிடும். அதனால், தான் பிறப்பதற்கு முந்தைய 1990களின் வீடியோ டேப் மங்கலை அதன்மேல் படரவிட்டார். குறை மறைந்தது, பயம் கூடியது. கதைக்கருவும் 2019இல் இணையத்தில் உலவிய ஒரு புகைப்படத்திலிருந்து முளைத்ததுதான். பெயர் தெரியாத பலர் நாட்டார் கதைபோல் அதை வளர்த்திருந்தார்கள்.

பார்சன்ஸின் தலைமுறைப் பிள்ளைகள் படம் பார்க்கும் விதத்தில் பெரியவர்களுக்கு நிறைய வருத்தம் உண்டு. 2023 அக்டோபரில் பாரமவுண்ட் நிறுவனமே ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தை 23 துண்டுகளாக்கி டிக்டாக்கில் போட்டது. படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் சோதித்தபோது, ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ இயக்குநர் பிராட் பேர்ட் கொதித்தார். அவர் கோபம் நியாயமானது. ஒரு மௌனம் எத்தனை நொடி நீடிக்க வேண்டும் என்று இயக்குநர் யோசித்து வைத்ததை விரல் நுனியில் சுருக்கிவிடக் கூடாது.

ஆனால் அதே பிள்ளைகள்தான் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி, ஷாட் ஷாட்டாகப் பிரித்தும் பார்க்கிறார்கள். கனடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ முன்னோட்டத்தை அப்படியே லெகோ பொம்மைகளாக மாற்றி, பிளெண்டரில் மறுபடி உருவாக்கினான். அதைப் பார்த்த தயாரிப்பாளர்கள், படத்தில் வரும் லெகோ உலகக் காட்சியை உருவாக்கும் பணியில் அவனையே சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் முடித்த பிறகு உட்கார்ந்து வேலை செய்தான். 2023இல் படம் உலகமெங்கும் திரையரங்குகளில் ஓடியது.

இலவச மென்பொருள்தானே என்று ஒதுக்கவும் முடியாது. லாட்வியாவின் ‘ஃப்ளோ’ பிளெண்டரிலேயே உருவான படம். ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. பார்சன்ஸின் குறும்படத்தை முழுநீளப் படமாக்க 2023இல் ஏ24 நிறுவனம் முன்வந்தது. இயக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மணிக்கணக்கில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தால், அதட்டி எழுப்புவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.