கறை படிந்த கைகளும் அரியணையே

கொவிட் பெருந்தொற்றினால் மூடப்பட்டிருந்த ஆலயங்கள் மீண்டும் திறக்கப்பட்ட காலம் அது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞாயிறு திருப்பலி நடைபெற்றுக்கொண்டிருந்தது. நோய்த்தொற்றைத் தவிர்க்கும் பொருட்டு, நற்கருணை நாவில் அன்றி உள்ளங்கையிலேயே வழங்கப்படும் எனப் பங்குத்தந்தை முற்கூட்டியே அறிவித்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் என் தாயார் நின்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தமது முறை வந்தபோது அவர் கைகளை நீட்டவில்லை. சேலைத் தலைப்புக்குள் அவற்றை மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

“கையெல்லாம் கறையா இருக்கு சாமி” என்று மெல்லிய குரலில் சொன்னார்.

பங்குத்தந்தை அவசரப்படவில்லை. “பரவாயில்லை அம்மா, நீட்டுங்கள். ஆண்டவரும் உழைத்த கைகளை உடையவர்தானே” என்றார். அம்மா தயக்கத்தோடு கைகளை நீட்டினார். விரல் நுனிகள் கறுத்து, ஆட்காட்டி விரலின் ஓரம் வெடித்திருந்த அந்தக் கைகளை, அன்றுதான் நானும் முதன்முறையாகக் கூர்ந்து பார்த்தேன்.

அந்தக் கைகள் அழுக்கானவை அல்ல. ஆலயத்துக்குப் புறப்படுமுன் பீலியடியில் மூன்று முறை தேய்த்துக் கழுவிய கைகள் அவை. பச்சைக் கொழுந்தின் சாறு காற்றுப்பட்டுக் கறுப்பதாலேயே தேயிலைக்கு நிறமும் மணமும் கிடைக்கின்றன. அந்தச் சாறே பறிப்பவரின் விரல்களிலும் கறுத்துப் படிகிறது. உலகம் தேநீரின் நிறத்தைப் போற்றுகின்றது. அதே நிறம் தம் விரல்களில் இருப்பதற்காக என் தாயார் நாணுகின்றார். இந்த நாணம் எங்கிருந்து வந்தது?

நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக விளங்கிய புனித சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு நற்கருணையை எவ்வாறு பெற்றுக்கொள்வது என்று கற்பித்தார். இடது கையை வலது கைக்கு அரியணையாக அமைத்து, அரசரை வரவேற்பதுபோல் வரவேற்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினார். பட்டுப்போன்ற கைகளை உடையோருக்கு மட்டும் அவர் அதனைச் சொல்லவில்லை. கல்லுடைத்தவரும் மீன்பிடித்தவரும் அடிமைகளாய் வாழ்ந்தவரும் ஆதித் திருச்சபையில் இருந்தனர். அவர்களுடைய கைகளும் அரியணைகளே.

இரண்டாயிரம் கோப்பைகள்

நமது உடல் நமக்காகச் செய்வதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்பது பல தோட்டங்களில் கேட்கப்பட்டு வந்த அளவு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். ஆக, ஒரு பெண் ஒரு நாளில் பறிப்பது நான்கு கிலோ தூளாகின்றது. கோப்பைக்கு இரண்டு கிராம் என்று கொண்டால், அது இரண்டாயிரம் கோப்பைத் தேநீர்! ஒரு சிறிய நகரத்தின் காலைக் களைப்பை ஒரு தாயின் பத்து விரல்கள் போக்கிவிடுகின்றன.

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. அந்தச் செடிகளை நட்ட கைகளின் பெயர்களை அது குறித்துவைக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கால்களையும், அவ்வழியிலேயே ஓய்ந்துபோன கால்களையும் நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள். நமது சமூகத்தின் வரலாறு ஏடுகளில் எழுதப்படுமுன், முதுகுகளிலும் முழங்கால்களிலும் உள்ளங்கைகளிலும் எழுதப்பட்டுவிட்டது. அந்த உடலைப் பழிப்பது அந்த வரலாற்றையே பழிப்பதாகும்.

ஆயினும் பழிக்கின்றோம். நிறத்தைப் பழிக்கின்றோம், உயரத்தைப் பழிக்கின்றோம். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் இளம்பெண்கள் பலர், முதற் சம்பளத்தில் முகத்தை வெளுக்கச் செய்யும் பூச்சை வாங்குகின்றனர். அத்தகைய பூச்சுகள் சிலவற்றில் கலந்துள்ள பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025ஆம் ஆண்டுடன் முற்றாக ஒழிப்பதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டு முடிவு செய்யும் அளவுக்கு இந்தத் தீங்கு பரவியிருந்தது. இறைவன் தந்த நிறத்தை வெறுக்கக் கற்பித்தவர் யார்? அந்நியர் மட்டுமா? “கறுப்பி” என்று வீட்டிலேயே அழைத்த நாமும் அல்லவா?

ஒரு தவறான புகழுரை

இங்கே என் குடும்பத்தின் கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெரியம்மாவும் கொழுந்து பறித்தவர். வீட்டில் எல்லோரும் உண்ட பின்னரே உண்பார். ரொட்டி குறைந்தால் அவருடைய பங்கே குறையும். வாய்க்குள் ஒரு புண் தோன்றி மாதக்கணக்கில் ஆறாதிருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டதால் வந்த புண் என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் ‘பேர்’ போய்விடும், அந்த மாதம் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் குறையும் என்பது அவருடைய கணக்கு. இறுதியில் போனபோது காலம் கடந்திருந்தது.

அவருடைய அடக்கத்தின்போது நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லிப் புகழ்ந்தோம்: தனக்கென்று ஒருநாளும் வாழாதவர் என்று. நானும் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்தே அந்தப் புகழுரையில் இருந்த குற்றம் எனக்கு உறைத்தது. அவர் தம்மைப் புறக்கணித்ததை நாங்கள் புண்ணியம் என்று பெயரிட்டு, வாழ்நாள் முழுவதும் ஊக்குவித்திருந்தோம். அவருடைய தியாகம் உண்மையானது. அதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மையே.

பிறருக்காகத் தன்னைக் கொடுப்பது நற்செய்தியின் வழி. ஆனால் கொடுப்பதற்குத் தன்னைப் பெற்றிருக்க வேண்டும் அல்லவா? சீராக்கின் ஞான நூல் பதினான்காம் அதிகாரத்தில், தனக்கே நன்மை செய்யாதவன் வேறு யாருக்கு நன்மை செய்வான் என்ற பொருளில் ஆசிரியர் வினவுகின்றார். ஒருநாளின் நல்ல மகிழ்ச்சியைத் தவறவிட வேண்டாம் என்றும் அதே அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் வைத்தியரை மதிக்கச் சொல்கின்றார். அவரையும் ஆண்டவரே படைத்தார் என்பது அந்நூலின் போதனை.

கழுதையிடம் கேட்ட மன்னிப்பு

உடலை ஒறுத்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ். தமது உடலைச் சகோதரக் கழுதை என்று அழைத்து, நோன்பாலும் குளிராலும் அதனை வருத்தியவர். ஆனால் அவருடைய வாழ்வின் முடிவை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. நோயுற்றுக் கிடந்த நாட்களில், இத்தனை காலம் உண்மையாய் உழைத்த அந்தச் சகோதரனுக்குத் தாம் இழைத்த கொடுமைக்காக அவர் வருந்தினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1226ஆம் ஆண்டு மரணப்படுக்கையில் இருந்தபோது, உரோமை நகரத்துப் பக்தையான ஜாக்கோபா அம்மையாரிடம், முன்பு அவர் செய்து கொடுத்த வாதுமை இனிப்பைக் கொண்டுவருமாறும் கேட்டார். ஏழ்மையைத் திருமணம் செய்தவர் என்று போற்றப்பட்ட மாமுனிவர், இறக்கும் தறுவாயில் ஓர் இனிப்பை விரும்பினார். அதனால் அவருடைய புனிதம் குறைந்துவிடவில்லை.

நம் ஆண்டவர் உடலை உடையாகக் கழற்றி எறியவில்லை. உயிர்த்த பின்னும் காயங்கள் உள்ள உடலோடு தோன்றினார். சீடர்கள் தந்த மீனை உண்டார். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்து வந்தவர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்தார். குளிரில் நடுங்கி வந்தவனுக்கு முதலில் போதனை அல்ல, அனல் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை, 1979 செப்டெம்பர் முதல் 1984 நவம்பர் வரை புதன்கிழமைகளில் வழங்கிய உரைத்தொடரில் மனித உடலின் மாண்பை விளக்கினார். 2015ஆம் ஆண்டு வெளியான ‘லௌதாத்தோ சி’ திருமடலில், நம் உடலை இறைவனின் கொடையாக ஏற்கக் கற்றுக்கொள்வது அவசியம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். எளியவற்றில் மகிழ்வதும், உணவுக்கு முன்னும் பின்னும் சற்று நின்று நன்றி கூறுவதும் அதே மடலின் அறிவுரைகளாகும்.

சின்னஞ்சிறு இன்பங்கள்

இவற்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படியும் காலைகளை நாம் அறிவோம். அந்தக் காலையில் அடுப்பருகே குந்தியிருந்து, இரு கைகளாலும் கோப்பையைப் பற்றி, உள்ளங்கைக்குள் ஏறும் சூட்டை உணர்ந்தபடி சாயத்தண்ணீர் அருந்துவது எவ்வளவு பெரிய இன்பம்! சீனியை வாயில் இட்டுக்கொண்டு ஒரு மிடறு. சுட்ட ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தோய்த்து ஒரு வாய். மூடுபனி விலகி, இளவெயில் முதுகில் விழும் அந்த ஒரு கணம். கூடையை இறக்கி வைத்தவுடன் தோள்கள் தாமாகவே மேலெழும் இலேசு. மாலையில் உப்பிட்ட வெந்நீருக்குள் கால்களை வைத்து, அட்டை கடித்த இடங்களைத் தடவிக்கொண்டு, தொலைவில் மலையேறும் புகைவண்டியின் ஓசையைக் கேட்டிருத்தல்.

இவற்றுக்கு விலை இல்லை. ஆனால் கவனம் வேண்டும். நின்றபடியே விழுங்கும் தேநீர் தாகத்தைத் தணிக்கும், மனத்தைத் தொடாது. உடலை மரத்துப்போகச் செய்யும் கசிப்பும் வெற்றிலையும் இந்த இன்பங்களுள் சேரா. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. உண்மையான இன்பம் உடலை விழிப்புறச் செய்யும். போலி இன்பம் உடலை மறக்கச் செய்யும்.

நன்றி கூறும் வாய் நீதியும் கேட்கும்

இங்கே ஒரு கேள்வி எழலாம். வறுமையில் வாடுவோரிடம் ஒரு கோப்பைத் தேநீரில் மகிழுங்கள் என்பது, உள்ள குறைகளை மூடிமறைப்பது ஆகாதா? நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் அடையாதிருந்தனர். தோட்டப்புறத்திலோ அத்தொகை ஏறத்தாழ 32 ஆக இருந்தது. மனநிறைவைப் போதித்து இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

ஆனால் தன் உடல் மதிப்பற்றது என்று எண்ணுபவர், அதற்கு நேரும் அநீதியையும் இயல்பாகவே எடுத்துக்கொள்வார். மலையில் கழிப்பறை இல்லையா, ‘நமக்கு அவ்வளவுதான்’ என்பார். தன் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று, கொரிந்தியருக்குப் புனித பவுல் எழுதியதை உள்ளபடி நம்புபவர், அந்த ஆலயத்துக்கு உரிய உணவையும் ஓய்வையும் கூலியையும் தலைநிமிர்ந்து கேட்பார். கண்டியில் 1972ஆம் ஆண்டு சத்தியோதய நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் மாண்பையும் உரிமையையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பிரிக்கலாகாது.

ஆகவே, அன்பான குடும்பங்களே, இவ்வாரம் நம் இல்லங்களில் சிலவற்றைத் தொடங்குவோம். ஒரு வேளையேனும் தாய் முதலில் உண்ணட்டும், அல்லது எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்போம். பிள்ளையின் நிறத்தையோ பருமனையோ கேலி செய்யும் பெயரை இன்றோடு விட்டுவிடுவோம். 1996ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில், 35, 45 வயதுப் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பரிசோதனை செய்யப்படுகின்றது. அங்கே போவதற்கு அம்மாவுக்கு ஒருநாள் ‘பேர்’ போனால் போகட்டும், அந்த இழப்பை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளட்டும். ஆறாத புண்ணையும் புதிதாய்த் தோன்றிய கட்டியையும் மறைப்பது தியாகம் அன்று. இரவுச் செபத்தில், அன்று நமக்காக உழைத்த கண்ணுக்கும் காலுக்கும் கைக்கும் பெயர் சொல்லி நன்றி கூறுவோம்.

என் தாயார் இப்போது வேலைக்குப் போவதில்லை. விரல்களின் கருமை மெல்ல மங்கி வருகின்றது. வெடிப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. காலையில் இஸ்தோப்பில் அமர்ந்து, வெயில் ஏறும் வரை ஒரு கோப்பைத் தேநீரை மெதுவாக அருந்துவார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மலைக்கு ஓடியவர். “இம்புட்டு ருசியா இருக்கும்னு இத்தனை வருசமாத் தெரியாமப் போச்சே” என்று ஒருநாள் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நற்கருணை வரிசையில் அவர் தாமாகவே கைகளை நீட்டுகின்றார். இடது கை கீழே, வலது கை மேலே. புனித சிரிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரியணையை அமைக்க மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கின்றது.