கூட்டுறவுக் கடன் சங்க நிர்வாகத்தில் மகளிர்

நாற்று நடுதல், களையெடுத்தல், கறவை மாடு பராமரித்தல், விதை சேமித்தல் ஆகிய பணிகளில் பெரும்பங்கு மகளிருடையது என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். கடன் விஷயத்திலும் அவர்கள் பங்கு குறைந்ததன்று. சங்கத்தில் அடகு வைக்கப்படும் நகை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. தவணைக்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பவர்களும் அவர்களே. ஆயினும் கடனை யாருக்கு, எப்போது, எவ்வளவு வழங்குவது என்று முடிவு செய்யும் நிர்வாகக் குழுவில் அவர்கள் குரல் குறைவாகவே ஒலிக்கிறது. இந்நிலையை மாற்றும் வழிகளை இங்கு காண்போம்.

சங்கத்தின் அமைப்பு

1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. இன்று கிராமத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும், மாவட்டத்தில் மத்திய கூட்டுறவு வங்கியும், மாநில அளவில் தலைமைக் கூட்டுறவு வங்கியும் இயங்குகின்றன. சங்கத்தில் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பத்து ஏக்கர் உடையவருக்கும் அரை ஏக்கர் உடையவருக்கும் இதில் வேறுபாடில்லை. மகளிர் முன்னேறுவதற்கு இதுவே நல்ல வாயில்.

முதல் தடை: உறுப்பினர் தகுதி

நகைக்கடன் பெறுவதற்காக மட்டும் சேரும் பெண்கள் பலர் இணை உறுப்பினர்களாகவே இருந்துவிடுகின்றனர். இணை உறுப்பினருக்கு ஓட்டுரிமை கிடையாது. நிர்வாகத்தில் பங்கு பெறவும் இயலாது. பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பதால் பயிர்க்கடனும் அவர்கள் பெயரிலேயே வழங்கப்படுகிறது. வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போது பெண்ணின் பங்கை அவர் பெயரில் பதிவு செய்து பட்டா மாற்றினால் இத்தடை பெருமளவு நீங்கும். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்கள் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குரிமை அளித்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் தரும் இடம்

2011-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 97-வது திருத்தம், கூட்டுறவு நிர்வாகக் குழுவில் மகளிருக்கு இரண்டு இடங்கள் ஒதுக்க வகை செய்தது. கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய அப்பகுதி பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டுமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அம்மாநிலச் சட்டமே வழிகாட்டி. ஆகவே தங்கள் சங்கத்தில் மகளிருக்கு எத்தனை இடங்கள் என்பதைச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. ஒதுக்கப்படாத இடங்களிலும் மகளிர் போட்டியிடலாம்.

படிப்பு ஒரு தடையா?

‘கணக்கு வழக்கு பெண்களுக்கு வராது’ என்று கூறுவோர் உண்டு. 1974-இல் அகமதாபாத்தில் காய்கறி விற்போர், சுமை தூக்குவோர் போன்ற சுமார் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை செலுத்திச் சேவா கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையெழுத்திடத் தெரியாதவர்களுக்கு அடையாளமாகப் புகைப்படம் பயன்பட்டது. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் மசுவாட் என்னும் ஊர்ப் பெண்கள் வங்கி தொடங்க முனைந்தபோது, படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் முதலில் உரிமம் மறுக்கப்பட்டது. அவர்கள் எழுத்துக் கற்றனர். வட்டியை மனக்கணக்காகவே போட முடியும் என்றும் அதிகாரிகளிடம் கூறினர். 1997-இல் மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது. வாரந்தோறும் சுய உதவிக் குழுவின் வரவு செலவை எழுதும் நம் பெண்களுக்கும் இது எட்டாத காரியமன்று.

நிர்வாகி அறிய வேண்டியவை

தீர்மானப் புத்தகத்தைப் படித்தபின்பே கையெழுத்திட வேண்டும். தவணை தவறிய பாக்கியைக் கவனிக்க வேண்டும். 100 ரூபாய் வசூலாக வேண்டிய இடத்தில் 70 ரூபாய் வசூலானால் பாக்கி 30 ரூபாய். இது பெருகினால் மத்திய வங்கிக்குச் சங்கம் கட்ட வேண்டிய கடன் தடைப்படும். அடுத்த பருவத்தில் உறுப்பினர்களுக்குக் கடன் கிடைப்பதும் தடைப்படும். தணிக்கை அறிக்கையில் சுட்டிய குறைகள் நிவர்த்தியாயினவா என்று கேட்க வேண்டும்.

மனைவி பெயரில் பதவியும் கணவர் கையில் நிர்வாகமும் இருந்தால் பயனில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரே கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. இணை உறுப்பினராக உள்ள பெண்கள், தகுதி இருப்பின் முழு உறுப்பினராக மாறுக.

2. கடன் தவணை தவறாதீர். தவணை தவறியவர் நிர்வாகக் குழுவில் இருக்க இயலாது.

3. பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்க. ஒரு கேள்வியாவது கேட்க.

4. இருவர் மூவராகச் சேர்ந்து செல்க.

5. மகளிரும் வரத்தக்க நேரத்தில் கூட்டம் நடத்துமாறு சங்கத்தைக் கேட்க. இரவுக் கூட்டம் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடும்.

வீட்டு ஆடவர்களும் இதில் துணை நிற்க வேண்டும். கூட்ட நாளன்று மாட்டைப் பிடித்துக் கட்டுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் பெரிய உதவியாகும். கடனின் சுமையைச் சுமப்பவர் அதைப் பற்றிய முடிவிலும் பங்கு பெற்றால் சங்கமும் செழிக்கும், குடும்பமும் செழிக்கும்.