பூட்டுத் திறந்த ஆய்விதழ்கள்: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ யாருக்கு, எப்படி?

கூகுள் ஸ்காலரில் தேடி, வேண்டிய கட்டுரை இதுதான் என்று சொடுக்கினால், சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு முப்பது நாற்பது டாலர் கேட்கும் பக்கம் ஒன்று வரும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பழகிப்போன பக்கம். தருமபுரியில் உதவித்தொகையை நம்பி முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர் ஒரே ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கொடுப்பாரா? வெளிநாட்டில் படிக்கும் நண்பருக்கு மின்னஞ்சல் போடுவார். இல்லையென்றால், கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய, பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை நாடுவார். அதன்மீது எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்று பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், அந்தத் தளத்தை முடக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலேயே, சட்டப்படியான வழி ஒன்று திறந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளில் பலருக்கு இது இன்னும் எட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

அதன் பெயர் ‘ஒரே நாடு ஒரே சந்தா’. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் இது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் என 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் உள்ள 1.8 கோடிப் பேர் இவற்றைப் படிக்கலாம். கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய்தான் ஆகிறது. கடைவிலையில் அரைக் கட்டுரைகூட வராத பணம்.

இதற்கு முன்பும் சந்தா இருந்தது. ஆனால் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் இயங்கிய பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியே பேரம் பேசி வாங்கிவந்தன. அவை போதாதென்று நிறுவனங்களும் தம் பங்குக்கு வாங்கின. ஒரே இதழுக்கு ஒரே அரசின் கஜானாவிலிருந்து பல முறை பணம் போனது. ஐஐடியில் இருப்பவருக்குக் கிடைத்த இதழ், பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது இருவர் திரையிலும் ஒரே இதழ். இந்தத் திட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது இந்தச் சமநிலையைத்தான்.

நடைமுறைக்கு வருவோம். திட்டத்தை ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம். வளாகத்து இணைய இணைப்பின் ஐபி எண் பதிவாகியிருந்தால், கல்லூரிக்குள் உட்கார்ந்து இதழின் தளத்தைத் திறந்தாலே போதும், முழுக் கட்டுரையும் இறங்கும். விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ படிக்க ‘இன்ஃபெட்’ என்ற நுழைவு முறை இருக்கிறது. நூலகரிடம் சொல்லி உங்கள் பெயரில் ஒரு கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். பிறகு பதிப்பகத்தின் தளத்தில், கட்டுரைக்குப் பக்கத்தில் ‘ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். விலை போட்ட பெரிய பொத்தானுக்குக் கீழே அது ஒளிந்திருப்பதால் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அதைத் தட்டி, உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் கட்டுரை திறக்கும்.

நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரி என்றால்? அங்கேதான் இந்தத் திட்டம் நொண்டும். கணக்கு உருவாக்கித்தர ஆள் இல்லாத இடத்தில் 13,000 இதழ்களும் காகிதத்தில்தான் இருக்கும். முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ எழுத்தில் கேட்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு ஓர் இதழின் பத்தாண்டுத் தொகுதியையும் ஒரே இரவில் இறக்க வேண்டாம். பதிப்பகங்கள் இதைக் கண்காணிக்கின்றன. மொத்த வளாகத்தின் இணைப்பையே துண்டித்துவிடும். ஒருவர் செய்த வேலைக்கு அத்தனை துறைகளும் நூலகரிடம் வந்து நிற்கும்.

இனி, கிடைக்காதவை. இது ஆய்விதழ்களுக்கான சந்தா. நூல்கள் இதில் வராது. தனியார் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் தனியாரில் படிக்கிறார்கள் என்று யோசித்தால் இது சின்ன விடுபடல் அல்ல. சந்தா என்பது வாடகை வீடு மாதிரி. அச்சில் வாங்கி, பைண்டு செய்து அலமாரியில் வைத்த பழைய தொகுதிகள் நூலகத்தின் சொத்து. இதற்கோ 2027க்குப் பிறகு மறுபடி பேரம் பேசியாக வேண்டும். பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்பது தெரிந்ததுதான்.

படிக்கும் செலவு தீர்ந்தாலும் எழுதும் செலவு நிற்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையை வெளியிட, எழுதியவரிடமே கட்டணம் கேட்கும் இதழ்கள் பெருகிவிட்டன. ‘நேச்சர்’ 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. இத்தகைய கட்டணங்களுக்காக இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு பணத்தில் ஆராய்ந்து, கூலி வாங்காத பேராசிரியர்கள் சரிபார்த்த கட்டுரைக்கு, படிக்கவும் வெளியிடவும் அரசே இன்னொரு முறை பணம் கட்டுகிறது. இந்த விசித்திரத்தை ஒரே சந்தா மாற்றவில்லை; மொத்த விலைக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் ஆய்வாளருக்கு இந்த 13,000இல் ஆகப்போவது கொஞ்சம்தான். அவருக்கான சுரங்கங்கள் வேறு. அவற்றுக்குச் சந்தாவும் தேவையில்லை. இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இயல் இயலாகக் கிடைக்கின்றன. தேடுவதில்தான் சூட்சுமம். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சில இடங்களில் தமிழ் எழுத்திலும், பல இடங்களில் ரோமன் எழுத்திலும் பதிவாகியிருக்கிறது. ரோமனில் எழுதும்போது ‘சங்க’ என்பதை ஒருவர் எஸ் போட்டுத் தொடங்கியிருப்பார், இன்னொருவர் சி போட்டு. ‘இலக்கியம்’ என்பதில் கே ஒன்றா இரண்டா என்பது தட்டச்சு செய்தவர் விருப்பம். ஒரு வடிவத்தைப் போட்டு ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. வழிகாட்டி பெயரையோ பல்கலைக்கழகத் துறையையோ கொடுத்துத் தேடினால், வேறு எழுத்துக்கூட்டலில் மறைந்திருந்தவை வெளியே வரும். பக்கத்தைப் படமாக எடுத்து ஏற்றிய ஆய்வேடுகளுக்குள் சொல் தேட முடியாது. பொருளடக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்ததைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகமும் தன் சேகரத்தை எண்ணிமமாக்கி வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் சொல் கொடுத்துத் தேடலாம். சென்னையில் அச்சான அகராதிக்குச் சிகாகோ வரை போக வேண்டியிருக்கிறதே என்று சலிப்பவர்கள் சலிக்கட்டும். தேடல் நன்றாக வேலை செய்கிறது.

தனியார் கல்லூரியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எந்த நிறுவனத்தையும் சாராமல் ஆராய்கிறவர்கள் என்ன செய்வது? கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதைத் தட்டிப் பாருங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவைத்த பிரதி அங்கே கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால், கட்டுரையின் பக்கத்தில் பெரும்பாலும் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். இன்ன கட்டுரை வேண்டும், இன்ன ஆய்வுக்காக என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள். கட்டுரைக்குக் கட்டப்படும் டாலரில் ஒரு காசும் எழுதியவருக்குப் போவதில்லை. அனுப்பித் தருவதில் அவருக்கு நஷ்டமும் இல்லை.