கொக்கிரகுளத்துப் படமும் கண்ணகி நகர்ச் சுவர்களும்



பேரிடருக்குப் பின்னும் ஒரு நகரம் குலையாமல் எழுந்து நிற்பதை 'மீள்திறன்' என்று இப்போது திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள். எழுந்து நிற்பது யார், யாருடைய முதுகின் மேல் நிற்கிறார்கள் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. காட்சிக் கலையை வைத்துக் கேட்டுப் பார்ப்போம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பாபநாசத்தில் தாமிரபரணி சமவெளிக்கு இறங்குகிறது. பாவம் போகுமென்று முழுகுகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். அதை அள்ளுவது யார் என்பது உங்களுக்குத் தெரியும். இதே ஆற்றில், கீழே நெல்லை கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணி மீது போலீஸ் தடியடி நடத்தியது. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும்தான் கோரிக்கை. அடிபட்டும் ஆற்றுக்குள் விரட்டப்பட்டும் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையைக் குற்றம் சொல்லவில்லை.

அந்த ஆண்டே ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் வந்தது. மூழ்கி இறந்தார்கள் என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடலாம். கரையில் தடி நிற்கும்போது தண்ணீரில் நிற்பவர் எப்படிக் கரையேறுவார் என்ற கேள்வியை அப்படி மூட முடியாது. அதைத் திறந்து வைத்திருப்பது காட்சிதான். ஆண்டுதோறும் அதே நாளில் ஆற்றில் மலர் தூவுகிறவர்களோடு அந்தப் படமும் சேர்ந்தே நிற்கிறது. மாரி செல்வராஜ் தன் முதல் கதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்ததும் இந்த நினைவிலிருந்துதான்.

இனிச் சென்னைக்கு வாருங்கள். 2000 முதல் நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்த இளைஞர்கள் அங்கே உண்டு. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஓவியர்களைக் கூட்டிவந்து அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டியது. ஆ, வெறும் சுண்ணாம்புப் பூச்சு என்று நான் தள்ளிவிட மாட்டேன். தன் ஊரைப் பார்க்க வெளியாட்கள் வருவது ஒரு பிள்ளைக்குச் சிறிய விஷயமல்ல. ஆனால் ஏன் அகற்றினார்கள் என்பதை அந்தச் சுவர்கள் பேசவில்லை. கொக்கிரகுளத்துப் படம் அதைத்தான் பேசியது. வெளியேற்றத்தைக் கேள்வி கேட்காத வண்ணம் வெளியேற்றியவருக்கும் வசதியாகவே இருக்கும்.

இந்த வேறுபாடு இன்று நமக்கு அவசரம். 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடியுமுன்பே, 2024இல் நிறுவனம் மாஞ்சோலையில் வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று. நாளை அவர்கள் குடியேறும் அடுக்குமாடிச் சுவருக்கும் யாராவது வண்ணத்தோடு வரலாம். அதற்கு முன்னால் மாணவர்கள் கேமராவோடு போங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என ஒவ்வொரு லைன் வீட்டையும் எடுங்கள். பெட்டியடியில் கிடக்கும் கல்யாணப் படங்களை அனுமதி கேட்டுப் பிரதி எடுங்கள். படத்தின் பின்னால் பெயரையும் வீட்டு எண்ணையும் அந்த வீட்டாரையே எழுதச் சொல்லுங்கள்.